முத்தையாவின் முகத்தில் பாதி

அன்பு அக்காவுக்கு,

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொரு மணியளவில், உங்கள் கணினியை இன்னும் வேகமாக ஓடவைப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இதை ஓவர்குளொக் என்கிறார்கள். கணினியின் மூளையான புரொசசரையும், வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் கையில் ஏந்தி வைத்திருக்கிற நினைவகத்தையும், செய்தவர்கள் விதித்த வேகத்துக்கு மேலே விரட்டுவது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அப்படி விரட்டியே ஓய்வூதியம் வரை வந்தவன் நான். எனக்குத் தகுதி இல்லையென்று யார் சொல்வது?

நீங்கள் இருந்த காலத்தில் அது எப்படி ஓடியதென்று உங்களுக்குத் தெரியும். ஒரு பழைய கலியாண வீடியோவைத் திறக்கக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்ப் புட்டை அவித்துக்கொண்டு வருவீர்கள். அது அப்போதும் திறந்துகொண்டிருக்கும். உங்களுக்கு அவசரம் இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது பட அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய சனம் உங்களிடம் வரும். "அக்கா, இவரின்ர முகம் எங்கையாவது இருக்குமோ?" வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய யாரோ ஒருவரின் கலியாண வீடியோவை ஓட்டி, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, பந்தல் மூலையில் நிற்கிற அந்த மனிதரைக் கண்டுபிடிப்பீர்கள். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துத் துப்புரவாக்கிக் கொடுப்பீர்கள். திவசத்தன்று விளக்கு வைக்க ஒரு முகம்.

கடைசியாகத் தேடியது ராசம்மாவுக்கு. மலையகத்திலிருந்து வந்து இரணைமடு வாய்க்கால் பக்கம் குடியிருக்கிற அதே ராசம்மா. அவவின் கணவர் முத்தையா செத்த பிறகு அவரின் படமென்று ஒன்றுமே மிஞ்சவில்லை. யாருடையதோ கலியாணத்தில் சாம்பார் வாளியோடு மூன்று செக்கன் கடந்து போகிறார். கமராக்காரர் குறிவைத்தது மாப்பிள்ளையின் மாமனை. முத்தையா குறுக்கே வந்துவிட்டார். "தம்பி, ஓடி வாடா! ஆளைப் பிடிச்சிட்டன்!" என்று நீங்கள் கத்தினது இப்பவும் கேட்கிறது. அந்த ஓட்டத்தோடு கசெட்டின் நாடா அறுந்தது; இனி அதிலிருந்து எடுக்க வழியில்லை. படத்தை முடித்து வைத்தீர்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்குப் படம் தேடத்தான் நான் கணினியின் முன்னால் இருந்தேன். அதன் ஆமை வேகம் என் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. தொடங்குகிறவர்களுக்கென்று ஒருவர் சிரித்த முகத்தோடு விளக்குகிற வீடியோவைக் கைபேசியில் பார்த்தேன். முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள் என்றார். புரொசசரை ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்காகச் சோதியுங்கள் என்றார். அது முடிந்த பிறகே நினைவகத்தைத் தொடுங்கள் என்றார். கல்வித் திணைக்களச் சுற்றறிக்கைகளை வாசிக்கிற அதே மரியாதையோடு இவற்றைக் கேட்டேன். இரண்டையும் ஒரேயடியாகக் கூட்டினேன்.

சூடு ஏறக்கூடாதென்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபானை அதற்கு நேரே திருப்பினேன். உங்கள் மச்சாள், அதுதான் என் மனைவி, வாசலில் நின்று பார்த்தா.

"நான் குசினிக்குள்ள வெந்துகொண்டு நிக்கிறன். பெட்டிக்குக் காத்தாம்."

"அது வேலை செய்யுதப்பா."

"அப்ப நான்?"

இதற்கு அந்த வீடியோவில் விளக்கம் இல்லை.

பத்து நிமிடம் சோதித்தேன். கணினி இடையில் நின்று விழவில்லை. வெற்றிக் களிப்பில் உங்கள் 'முகங்கள்' என்ற கோப்புறை முழுவதையும் நான் வாங்கிப் பூட்டிய புது டிஸ்க்குக்கு மாற்றினேன். எவ்வளவு வேகம், அக்கா! பழைய டிஸ்க்கைத் துடைத்தேன். அதோடு நின்றேனா? வேகத்தைப் பார்த்து ரசிப்பதற்காகவே அதன்மேல் வேண்டாத வீடியோக்களை நிரப்பி, துடைத்ததை மீட்க வழியில்லாமல் செய்தேன்.

எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். அளவுக்கு மிஞ்சி விரட்டினால் புரொசசர் பெரும்பாலும் விழுந்து காட்டிவிடும். நினைவகம் அப்படியல்ல. அது விழாமலே வேலை செய்யும். தான் ஏந்திக்கொண்டு போவதை இடையிடையே பிழையாக எழுதி வைக்கும். புகையும் இல்லை, சத்தமும் இல்லை.

அடுத்த நாள் திறந்து பார்த்தேன். அநேகமான முகங்கள் முழுசாக இருந்தன. பன்னிரண்டு பழுதாகியிருந்தன. முத்தையாவுக்குத் தலைமயிர் இருந்தது, நெற்றி இருந்தது, இரண்டு கண்களும் மூக்கும் இருந்தன. அதற்குக் கீழே சீமெந்து பூசினதுபோலச் சாம்பல் நிறம். டவுனில் கணினி திருத்துகிறவரிடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என்னிடம் படித்தவர். "மாஸ்டர், பழைய டிஸ்க்கை ஏன் துடைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். வகுப்பில் நான் கேள்வி கேட்டு அவர் முழித்த நாட்கள் எல்லாம் அன்றைக்குச் சரியாயின.

துக்க வீடென்று இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்த ராசம்மா மூன்றாம் நாள் வந்தா.

"சார், அக்கா ஒரு படம் எடுத்து வச்சிருக்கிறதாச் சொன்னாங்க."

பாதிப் படத்தைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். பிறகு சொன்னேன்: "கரண்ட் போய் வந்ததில பழுதாப் போச்சுதம்மா."

இந்த ஊரில் அதை யாரும் இரண்டாம் தரம் விசாரிப்பதில்லை. அவவும் விசாரிக்கவில்லை. "கரண்டுக்கு நீங்க என்ன சார் செய்வீங்க?" என்று என்னைத் தேற்றினா. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை அதன்மேல் படாமல் பிடித்துக்கொண்டு, "கண்ணு அவரோடதுதான்" என்றா. போகும்போது படலையில் நின்று, "அக்கா இருந்திருந்தா வாயையும் எங்கேருந்தாவது புடிச்சிருப்பாங்க" என்றா. கேலியாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? திட்டியிருப்பீர்களா? இல்லை, இன்னொரு கலியாண வீடியோவை ஓடவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திருப்பீர்களா?

கணினியைப் பழைய வேகத்துக்கே இறக்கிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் மலரில் வரும். அச்சுக்குப் போகுமுன் ராசம்மா வீட்டுக்குப் போய், கரண்ட் கதை உட்பட முதல் வரியிலிருந்து கடைசி வரை நானே வாசித்துக் காட்டுவேன். மற்றப் பதினொரு வீட்டுக்கும் போவேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

படத்தை அவ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டா. மூக்குக்குக் கீழே மாலை போட்டிருக்கிறா.

உங்களோடு கூடப்பிறந்த,
தம்பி