உபரி மாதத்தில் அறுபட்ட மேடு

அன்பு மகன் ஹன்சோலுக்கு,

அம்மா எழுதுவது. போலந்தில் நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் கோபமில்லாமல் எழுதப் போவது இந்த ஒரு வரிதான். இங்கே நான் இருக்கிறேன், முட்டி வலியும் இருக்கிறது, வெயில் இன்னும் இறங்கவில்லை, மிளகாய் பறித்து முற்றத்தில் காயப் போட்டிருக்கிறேன். நீ அனுப்பிய களிம்பு வந்தது, பூசினேன், நாற்றம்தான் மிச்சம். போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் கத்துவேன், நீ மீட்டிங் இருக்கும்மா என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. முழுக்கப் படி.

நோருமோக் மேட்டில் மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நம் குலத்து மேடுதான், தாத்தா முப்பாட்டன் எல்லாரும் சமாதியில் படுத்திருந்த மேடுதான். இது எப்படி நடந்தது என்று உனக்குப் பாதி தெரியும், மீதியை நான் சொல்கிறேன். போன வருஷம் மாவட்ட ஆபீஸில் நிலத் திட்டத்தைத் திருத்தப் போகிறோம், எங்கே வீடு, எங்கே ஆலை, எங்கே காடு என்று புதிதாகப் பிரிக்கப் போகிறோம், ஊருக்கு ஓர் ஆளை அனுப்புங்கள் என்றார்கள். ஆம்பளைகள் எல்லாரும் நடவு இருக்கு என்று நழுவிவிட்டார்கள், மாதர் சங்கத் தலைவி என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சும்மா போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அங்கே நோ என்று ஒரு பெண், திட்டப் பிரிவில் வேலை, உன்னைவிடச் சின்னவள், ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு என்னோடு மேடெல்லாம் ஏறி இறங்கினாள். அம்மா, குக்சபோங் மலைக்காட்டுக்கு ஒரு பச்சை, ஏரிக்கரை நாணலுக்கு ஒரு பச்சைன்னு மேப்புல தனித்தனியா பூசி வச்சு என்ன பிரயோஜனம், ரெண்டுக்கும் நடுவுல நடந்து போக வழி வேணுமில்ல, அந்த வழி உங்க நோருமோக்தான், அதையும் திட்டத்துல சேர்த்துட்டா எல்லாம் ஒண்ணா நிக்கும் என்றாள். எனக்கு அது புதுசா என்ன, மான் கடக்கிற கழுத்து என்றுதானே அந்த மேட்டுக்கே பேர் வைத்திருக்கிறார்கள்.

நான் ஒன்றும் மிருகங்களைப் பார்த்து உருகுகிறவள் இல்லை. என் சோயாச் செடியை நுனி நுனியாகக் கடித்துப் போடுகிற நீர்மான்களை நான் திட்டாத திட்டு கிடையாது. ஆனால் பக்கத்து ஊரில் மேட்டை வெட்டி ரோடு போட்டபோது என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்தவள். வசந்தத்தில் முட்டையிட ஏரிக்கு இறங்குகிற தேரைகள் தாரோடு தாராக நசுங்கிக் கிடந்தன, மழைக்குச் சேறு சமையலறை வரைக்கும் வந்தது, போக வழி தெரியாத காட்டுப்பன்றி ஒன்று கிம்ச்சி ஊறுகாய்க் கொட்டகைக்குள் புகுந்து ஜாடிகளை உருட்டியது. வழியை அடைத்துவிட்டால் அதுகள் போகாமல் இருந்துவிடாது, நம் வீட்டு வழியாகப் போகும். இதெல்லாம் ஊருக்காக நான் பேசிய நியாயம். எனக்கென்று ஒரு நியாயம் இருந்தது. உன் அப்பா அந்த மேட்டில் படுத்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் விட்டிருந்தது. காலம் வந்தால் அங்கே போய்ப் படுக்க வேண்டும், வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

உன் சித்தப்பா தோக்சு சும்மா இருப்பாரா. சரக்குக் கிடங்கு கட்டுகிறவர்கள் நல்ல விலைக்கு மேட்டைக் கேட்கிறார்கள் என்று குலத்துப் பெரியவர்களையெல்லாம் கூட்டினார். கூடத்தில் ஆம்பளைகள், சமையலறையில் நாங்கள், வழக்கம்போல. நான் பச்சை வெங்காய அடை வார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். காலம் மாறிப் போச்சு, மேட்டை வச்சுக்கிட்டு வருஷா வருஷம் புல்லு வெட்டுறதைத் தவிர என்ன கண்டோம் என்று அவர் சொன்னதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கையில் கரண்டியோடு கூடத்து வாசலில் போய் நின்றேன். குக்சபோங்குல இருந்து இறங்குற மலையோட நாடி அந்த மேட்டு வழியாத்தான் ஓடுது, அதுல புல்டோசர் விட்டீங்கன்னா உங்க முப்பாட்டன் கழுத்துல விடுற மாதிரி, அப்புறம் யார் வீட்டுல என்ன நடந்தாலும் என்கிட்ட வந்து அழாதீங்க என்று சொல்லிவிட்டு அடையைத் திருப்பப் போய்விட்டேன். கிழவர்கள் விலைப் பேச்சை விட்டுவிட்டு அடைக்குக் கையை நீட்டினார்கள். அப்போதைக்கு விற்பனை நின்றுபோனது. திட்டத்தின் முதல் மேப்பில் காட்டிலிருந்து ஏரி வரைக்கும் ஒரே பச்சை. சமாதிங்க இருக்கிற இடத்தை யாரும் தொட மாட்டாங்கம்மா, அதைவிடப் பெரிய பூட்டு இந்த மாவட்டத்துலயே கிடையாது என்று அந்த நோ பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அட முட்டாளே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஏனென்றால் இந்த வருஷம் உபரி மாதம் வந்தது. பஞ்சாங்கத்தில் கூடுதலாக வருகிற மாதம், தெய்வங்கள் கண்ணை மூடிக்கொள்கிற மாதம், சமாதியைத் தோண்டினாலும் தோஷம் ஒட்டாது என்று பிணத்துணி தைப்பதும் எலும்பை இடம் மாற்றுவதும் இந்த மாதத்துக்கென்றே ஒதுக்கி வைக்கிறோம் இல்லையா. நான் வீசிய கல்லையே எடுத்து உன் சித்தப்பா என் தலையில் போட்டார். அண்ணி சொல்றது நூத்துக்கு நூறு சரி, பெரியவங்க படுத்திருக்கிற வரைக்கும் நாடியை அறுக்கக் கூடாது, அதனால முதல்ல பெரியவங்களை எடுத்துடுவோம், எடுத்துட்டா அது வெறும் மண்ணுதானே என்றார், சமாதிக்கு நிலம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து அவர் வாயாலும் அதையே சொல்ல வைத்தார். எல்லாரையும் எரித்து, நெடுஞ்சாலை ஓரத்து அஸ்தி மண்டபத்தில் அடுக்கடுக்காக வைக்கலாமாம், குளிர்சாதனம் இருக்கிறதாம், கார் நிறுத்த இடம் இருக்கிறதாம். குலத்தார் தலையை ஆட்டிவிட்டார்கள். நான் ஆட்டவில்லை. யாரை வேணா எடுத்துட்டுப் போங்க, என் புருஷன் வர மாட்டார், ஒரு சமாதி போதும் எனக்கு, அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துக்குவேன் என்றேன். அதற்கு அவர் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா. அண்ணி, உங்க மனசு எனக்குத் தெரியாதா, ஆனா அண்ணன் விஷயத்துல வாக்குச் சொல்ல வேண்டியது பிள்ளைதானே, நான் ஹன்சோலையே கேட்டுடுறேன் என்றார். அங்கேயே, என் எதிரிலேயே போன் போட்டார். போன் சத்தம் வெளியே கேட்கும்படிதான் வைத்திருந்தார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. சித்தப்பா, நான் இங்க இருந்துக்கிட்டு என்ன சொல்றது, பெரியவங்க பார்த்துச் செய்யுங்க என்று சொன்னாய். அம்மா என்ன சொல்றாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன்னை மரியாதை தெரிந்த பிள்ளையாக வளர்த்தோம் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அந்த மரியாதையை வைத்துத்தான் உன் அப்பாவைத் தோண்டினார்கள். நான் போகாமல் இருக்கவில்லை, போய் நின்றேன். குடையை மறந்துவிட்டேன், தூறலில் நனைந்துகொண்டே நின்றேன். மேலே துணி கட்டி மறைத்துக்கொண்டு எடுத்தார்கள். எலும்பு நல்ல மஞ்சளாக இருந்தது ஹன்சோல். கறுப்போ, தண்ணீர் தேங்கின அடையாளமோ, வேர் சுற்றின தடமோ எதுவும் இல்லை. எடுக்கச் சொன்ன அந்த நிலம் பார்க்கிறவரே வாயை அடக்க முடியாமல், அடடா, இப்படி ஒரு இடம் தேடினாலும் கிடைக்காதே என்றார். உன் சித்தப்பா செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இப்போது உன் அப்பா மூன்றாவது அடுக்கில் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். பக்கத்தில் எனக்கும் சேர்த்து ஜோடிப் பெட்டியாகவே பேசி வைத்திருக்கிறாராம் சித்தப்பா, நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

அதற்குப் பிறகு மாவட்ட ஆபீஸில் கடைசிக் கூட்டம். மேப்பை விரித்தார்கள். காடு பச்சை, ஏரி பச்சை, நடுவில் நோருமோக் இருந்த இடத்தில் கிடங்கு நிறம். சட்டைக்கு இரண்டு கையையும் அழகாகத் தைத்து வைத்துவிட்டு நடு உடம்பை வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. நான் எழுந்து கேட்டேன், நோ பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், சமாதியும் இல்ல, நிலத்துக்காரங்களுக்கும் சம்மதம், நான் என்ன காரணம் எழுதிக் காப்பாத்துறதும்மா என்றாள். கூட்டம் முடிந்து கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள், அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கிடங்குக்காரர்கள் மட்டும் பெரிய மனசு பண்ணி கிடங்குக்குப் போடுகிற ரோட்டுக்கு அடியில் தேரைகளுக்கென்று ஒரு குழாய் பதிக்கிறார்கள். படத்தில் அழகாக இருந்தது, நேரில் போய்ப் பார்த்தேன், குழாயின் அந்தப் பக்கம் கிடங்குச் சுவருக்குக் கோடு போட்ட இடத்தில் போய் முட்டுகிறது. தேரைக்குச் சுவர் ஏறத் தெரியுமா என்று மேஸ்திரியைக் கேட்டேன், பாட்டி, அவங்க வரைஞ்சு குடுத்ததைக் கட்டுறவன் நான், என்னை ஏன் கேக்குறீங்க என்கிறான். ரம்பம் ஓட ஆரம்பித்ததிலிருந்து நீர்மான்கள் என் முற்றத்திலேயே வந்து நிற்கின்றன. விரட்டுகிறேன், நாலடி போய்த் திரும்பி நின்று பார்க்கின்றன. எந்தப் பக்கம் போ என்று நான் சொல்வது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. மேட்டின் ஓரமாகக் காட்டிலிருந்து ஏரி வரைக்கும் நீளமாக ஓடுகிற நம் சோயா வயல் இருக்கிறதே, அது குலத்துக்குச் சொந்தமில்லை, உன் அப்பா எனக்கு விட்டுப் போனது. அதை முழுக்கப் பச்சை பூசிவிடு என்று நோ பெண்ணிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதில் இனி நீ வீடு கட்ட முடியாது, கிடங்குக்கு விற்கவும் முடியாது. கோபம் வந்தால் படு, எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்துக்கு அது பாதிகூட ஆகாது. தேரைக்கும் மானுக்கும் போதும்மா, சிறுத்தைப் பூனை இவ்வளவு குறுகலான வழியில வருமான்னு எனக்குத் தெரியாது என்று அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திட்டத்தைத் திருத்துவாங்க, அப்ப யாராவது மனுப் போட்டா இதையும் எடுத்துடுவாங்க, பார்த்துக்குங்க என்றும் சொன்னாள். பார்த்துக்கொள்ளத்தான் போகிறேன், அதற்குத்தான் உனக்கு இந்தக் கடிதம்.

அறுவடைப் பண்டிகைக்கு லீவு கிடைக்குமா என்று அலையாதே, வெட்டுவதற்குச் சமாதிமேல் புல்லும் இல்லை, சமாதியும் இல்லை. நீ வாங்கிக் கொடுத்த புல்வெட்டும் மெஷினை எண்ணெய் போட்டுத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை. சோயா விழுதும் மிளகாய்த் தூளும் பார்சல் கட்டியிருக்கிறேன், விழுதைத் திறந்ததும் மேலே உப்பு தூவி வை, மருமகளைக் குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதே. குழந்தை நல்லபடியாக வளரட்டும், உங்கள் மூவருக்கும் ஆயுசும் பலமும் நிறைந்திருக்கட்டும், இதை மனசாரத்தான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. சில வருஷத்தில் இன்னொரு உபரி மாதம் வரும். அப்போது நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீயே நேரில் வந்து நில். அந்தக் கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொல்லி உன் அப்பாவை எடுத்துக்கொண்டு வா, சோயா வயலின் நடுவில் வை, என்னையும் பக்கத்தில் வை. நாங்கள் இரண்டு பேரும் அங்கே படுத்துவிட்டால் எந்த ஆபீஸும் அந்த வழியைத் தொடாது, சித்தப்பா போன் பண்ணும்போது நீ மறுபடியும் பெரியவங்க பார்த்துச் செய்யுங்க என்று சொல்லாத வரைக்கும்.

நோருமோக் அடிவாரத்திலிருந்து,
உன் அம்மா