மூச்சு இருக்கும்போதே

தாராவி
11.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்களுக்குக் காது கேட்கவில்லை. அதனால் எழுதி, போட்டோ எடுத்து உங்கள் மகள் ஸ்வீட்டி போனுக்கு அனுப்புகிறேன். அவளைத் திட்டாமல் வாங்கி வாசியுங்கள்.

சனிக்கிழமை விக்ரோலி ஒர்க்ஷாப்பிலிருந்து பைக்கில் வந்த உங்கள் மகனைச் செம்பூரில் டெம்போ இடித்துவிட்டது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியிருக்கிறது. என்னத்தச் சொல்ல! தலையில் பலத்த அடி. ஆபரேஷன் முடிந்து வெண்டிலேட்டரில் இருக்கிறார். கண் திறக்கவில்லை. ஜெபம் பண்ணுங்கள்.

ஆனி

வடக்கன்குளம்
12.2.2025

அன்பு மருமகளுக்கு,

கோயில் உபதேசியாராக எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியவன் நான். இப்படிக் கிடந்தவர்கள் எழுந்து பார்த்ததில்லை. மூச்சு இருக்கும்போதே ஏஞ்சலோவை ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டு வந்துவிடு. அங்கே உயிர் போனால் ஆக்சிடென்ட் கேஸ் என்று அறுத்துத்தான் தருவார்கள். என் பிள்ளையை அறுக்க விடமாட்டேன்.

உன் அத்தை கல்லறைக்குப் பக்கத்தில் குழி தோண்டச் சொல்லிவிட்டேன். கடைசி எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதலுக்குக் கோயில் சாமியாரிடமும் பேசியாச்சு. உன் பொறுப்பில் கொண்டுபோவதாக ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வா. மறுத்துப் பேசாதே தாயீ.

அமிர்தநாதன்

தாராவி
14.2.2025

மாமா,

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கா குழி? வாசித்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். ஆனாலும் நீங்கள் சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். ஷ்ருதி டாக்டர்தான் தடுத்தார். மாட்டுங்காத் தமிழ்க்காரி.

"ரெண்டு நாள் ரோடும்மா. வழியில ஒரு தடவை பிரஷர் இறங்கினாலும் அந்த மூளை தாங்காது. முன்னெல்லாம் ஒவ்வொரு டாக்டரும் தன் இஷ்டப்படி பார்ப்பா. இப்ப பிரஷர், ஆக்சிஜன், சாப்பாடு எல்லாத்துக்கும் எழுதிவச்ச முறை இருக்கு. அதை விடாம பண்ண ஆரம்பிச்சப்புறம் எங்க வார்டுல சாவு குறைஞ்சிருக்கு. பிழைச்சவா எல்லாரும் பழையபடி ஆயிடுவான்னு சொல்லமாட்டேன். ஆனா இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுதுன்னும் சொல்லக்கூடாது" என்றார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள். கொண்டுவரமாட்டேன்.

ஆனி

தாராவி
20.3.2025

மாமா,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கட்டும், நானே எழுதுகிறேன்.

அவர் கண் திறந்தார். வெண்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். வலது கை வரவில்லை. நடப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கட்டிய பெண்டாட்டியை ஸ்வீட்டி என்று கூப்பிடுகிறார், கேட்டீர்களா? நேற்று கஞ்சி ஊட்டும்போது, "அப்பா எங்கட்டி?" என்றார். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பகலில் அவரோடு இருக்க ஆள் வேண்டும். நீங்கள் வாருங்கள்.

ஆனி

வடக்கன்குளம்
22.3.2025

ஆனி,

குழியை மூடியாச்சு. ஸ்வீட்டி டிக்கெட் எடுத்துவிட்டாள். கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடும்போது நான் பயந்ததில்லை. என் பிள்ளை என்னை யாரென்று கேட்டுவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். எப்படி ஊட்ட வேண்டும், எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வை. எனக்குத் தெரியும் என்று நானாக எதையும் செய்துவிட மாட்டேன்.

மாமா