பொன்னிக்கு வைத்த கூடுதல் பிண்ணாக்கு

ஏனுங்க,

தொழிலுறப்பு நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். புட்டும் கடலையும் மூடி வைத்திருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஒன்பது மணிக்கு மாட்டுத் தரகர் குப்பண்ணன் கோவிந்தாபுரத்திலிருந்து வருவார். மோர் கொடுத்து, பொன்னியை விற்கவில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

நேற்று நீங்கள் கோபமாகப் போன பிறகு மாட்டு டாக்டரம்மா போன் செய்தார். "பாலைச் சோதிச்சுட்டோம். தீவனத்துல புரதம் அளவுக்கு மேல போயிருச்சுங்க, அதனாலதான் சினை நிக்கல. மாட்டு மேல குத்தமில்லீங்க" என்றார்.

நீங்கள் அளந்துதான் வைக்கிறீர்கள். தினமும் நீங்கள் போன பிறகு, பாவம் என்று அரைப்படி கடலைப் பிண்ணாக்கு கூட வைத்தது நான்தான். மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்காதபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. மன்னியுங்கள்.

விடியலில் பனிக்குள் பொன்னி கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கன்று நிற்பதுபோலவே இருந்தது. சாமிதான் காட்டியிருக்கும்.

நர்மதா

பிண்ணாக்கைக் குறைத்து மக்காச்சோள மாவு சேர்க்கச் சொன்னார் டாக்டரம்மா.

இன்னொன்று. நேற்று அவளை மலடு என்றீர்கள். கழுத்தைக் கொஞ்சம் தடவிக்கொடுங்கள். திட்டு மிச்சமிருந்தால் எனக்கு வைத்திருங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.