பெஞ்சில் உங்கள் பக்கத்து இடம்

பிரியமான அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

"நான் என்ன தப்புப் பண்ணேன், ஏன் மாலை ஆராதனைக்கு மாறிட்டே?" என்று கேட்டிருந்தீர்கள். தப்பு எதுவும் இல்லை. மாலையில் காஜா பெராங் சாலையில் வெயில் குறைவு, கோவிலுக்கு நடக்கச் சுலபம்.

மெர்டேக்கா சுதந்திரத்துக்குப் பிறகு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த கிரேசம்மாள், புருஷனை இழந்தவள், கடைசி பெஞ்சில் தனியாகவே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் நம் பெஞ்சுக்குக் கூப்பிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசுங்கம்மா" என்று ஒதுங்கிவிட்டாள்.

போன ஞாயிறு காலை அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினாளாம். பாஸ்டரம்மா சொன்னார். அவளுக்குக் கண் மங்கல்; எனக்குச் சாய்த்துப் பிடித்ததுபோல அவளுக்கும் பிடியுங்கள்.

மாலையில் கூட்டம் இல்லை. என் பக்கத்து இடத்தில் குடையை வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை