நார்மல் என்று எழுதிய டியூப்

திருவனந்தபுரம்
12.8.1999

அத்தானுக்கு,

இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஈஸ்டருக்குப் பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்தபோது எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கா? நோயில்லாதவர்களின் செல்லுக்குள் இரண்டு குரோமோசோம்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளக்கும் வேலை. ஒன்றில் சிவப்புப் புள்ளி தெரியும், மற்றதில் பச்சை. கிட்டக்கிட்ட இருந்தாலும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் ஸ்லைடில் செல்லுக்குச் செல் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரிந்தது. சாயத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ரத்தப் புற்றுநோய் வார்டிலிருந்து வந்த ஸ்லைடாக இருந்திருந்தால் பார்த்தவுடனே டாக்டரிடம் ஓடியிருப்பேன். உங்கள் டியூபில் 'நார்மல்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று, உங்கள் ரத்தத்தில் மீதியிருந்த ஒரு ஸ்லைடை எடுத்து மறுபடி செய்தேன். இந்தத் தடவை நன்றாகக் கழுவினேன். மஞ்சள் போகவில்லை. இந்த நோயில் வீங்கும் மண்ணீரலும் இடது விலாவுக்குக் கீழேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். எஸ்டேட்டில் லீவு எழுதிக் கொடுக்கும்போது எத்தனை நாள் என்று மட்டும் எழுத வேண்டாம்.

நாலு மாதம் பிந்திப்போன
உங்கள் மனைவி