மருந்துக்கடை வாசலில் இல்லாத நிறுத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவின் இடது முட்டி ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மெயில் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு எங்கெங்கோ போய்விடும், ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அம்மாவின் முட்டி.
2. மருந்துக்கடை வாசலில் பஸ் நிற்காது.
3. நீங்கள் ஊர்கூடி இன்டர்நெட்டில் வரையும் வரைபடத்தின் லட்சணம்.
4. இன்று காலை நான் செய்த காரியம்.

ஆபரேஷனுக்குப் பிறகு முட்டி மடங்குகிறது, ஆனால் வேகமாக நடக்க முடியவில்லை. வாரம் இரண்டு தடவை பயிற்சிக்குப் போகிறாள், துணைக்கு நீங்க வந்தா தடுமாறுறது நீங்கதான் என்கிறாள், அதுவும் உண்மைதான். கவலை பஸ்ஸில் இல்லை, பஸ் ஏறுவதற்கு முன்னால் இருக்கிறது. நாற்சந்தியைத் தாண்டி பெட்ரோல் பங்க் அருகே போனால்தான் நிறுத்தம், அந்தச் சந்தியில் லாரிக்காரர்கள் யாருக்காகவும் பிரேக்கில் கால் வைப்பதில்லை. போன மாதம் நீ போனில், படத்தில் பார் அம்மா, மருந்துக்கடை வாசலிலேயே நிற்கும் என்று சொன்னாயாம். இவளும், பாப்பா போட்டிருக்கா, நான் எதுக்கு ரோட்டைத் தாண்டணும் என்று அங்கேயே போய் நின்றாள். பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. வீட்டுக்கு வந்து டிரைவரைத்தான் திட்டினாள், உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கே நிறுத்தம் இருந்தது வாஸ்தவம், நீ கல்லூரிக்குப் போன காலத்தில். சாலையை அகலப்படுத்தியபோது கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் சந்திக்கு அப்பால் நட்டுவிட்டார்கள். நீயோ எத்தனையோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, ஞாபகத்தில் இருந்ததை எடுத்துப் படத்தில் ஒட்டிவிட்டாய். ஞாபகத்துக்கு ஆல்பம் இருக்கிறது பாப்பா, ஊரார் பஸ் பிடிக்கிற படம் எதற்கு?

உன்னை மட்டும் சொல்லவில்லை. இந்தப் படத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்றாயே, வைத்திருக்கிறார்கள். ஆந்தை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மகானுபாவர், பஸ் போகிற வழியை அப்படியே தலைகீழாகத் திருப்பி, திரும்பி வருகிற வழி என்று போட்டிருக்கிறார். அதன்படி ஓட்டினால் ஒருவழிப்பாதையில் எதிரே வருகிற வண்டிகளோடு பஸ் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதைத் திருத்த ஆளில்லை. ஆனால் நிறுத்தம் என்பது ஜனங்கள் நிற்கிற இடமா, பஸ் நிற்கிற இடமா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள், அதில் ஒருவராவது பஸ்ஸில் ஏறியதாகத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த குடிநீர் அலுவலகத்தில், பள்ளத்தில் இறங்கிக் குழாயைப் பார்க்காமல் ஒரு கோடு இழுத்ததில்லை. இதை அவர்களுக்கு எழுதலாம் என்று ஆரம்பித்து, யார் மனமாவது புண்படுமோ என்று அழித்துவிட்டேன். உனக்கென்றால் தைரியமாக எழுத வருகிறது.

அடுத்தது காலையில் செய்த காரியம். நீ சொல்லிக்கொடுத்தபடி நானும் உள்ளே நுழைந்து, சரிதானா சரிதானா என்று பலமுறை பார்த்து, மருந்துக்கடை நிறுத்தத்தை நீக்கிவிட்டேன். மகள் போட்டதை அப்பனே அழிப்பதா என்று கை கூசத்தான் செய்தது. ஆனாலும் இன்னொரு வயசான மனுஷி அங்கே நின்று புழுதி தின்ன வேண்டாம் என்று துணிந்தேன்.

இதுவரை எழுதியபோது அம்மா பயிற்சி முடிந்து வந்துவிட்டாள். சந்தியை எப்படித் தாண்டினாய் என்றேன். நான் எங்க தாண்டினேன், பத்து நாளா மருந்துக்கடையிலதானே ஏறுறேன் என்றாள். நான் நம்பவில்லை. வீட்டுக்குள்ளயே உக்காந்து ரோட்டைப் பத்திப் பேசுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். பக்கத்துல கண் ஆஸ்பத்திரி தொறந்தாங்கல்ல சார், வர்றவங்க எல்லாரும் வெளியூரு, போனைப் பாத்துட்டு இங்கதான் நிக்கிறாங்க, அத்தனை பேரும் கையைக் காட்டினா டிரைவர் என்ன பண்ணுவாரு என்றார். நானும் நின்று பார்த்தேன். பஸ் வந்தது. அங்க கம்பம் நட்டு வெச்சது என்ன கொடி ஏத்தவா என்று டிரைவர் சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே நிறுத்தினார்.

ஒரு பொய்யைப் படத்தில் போட்டு, அதை நாலு பேரை நம்பவைத்து, கடைசியில் பஸ்ஸையே வளைத்துவிட்டீர்கள். இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் நான் அழித்ததைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் பங்க் பக்கம் போய்விட்டால், உன் அம்மா ஒருத்தி கை காட்டி அந்த டிரைவர் நிறுத்த மாட்டார். பழையபடி லாரிகளுக்கு நடுவில்தான் அவள் போக வேண்டும். நாளை மறுநாள் காலை அவளுக்குப் பயிற்சி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தைத் திரும்பப் போட்டுவிடு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன், எனக்கு அழிக்கத்தான் தெரிகிறது.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, நாளை மறுநாள் காலை. மேலே பட்டியலில் இரண்டாவதாக எழுதியது தவறு.

உன் அப்பா