இடம் விட்டு எழுதிய பிராது

இன்று காலையில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். நம்ம பீங்கான் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள்தான், உனக்கு முகம் தெரியும். மூன்று பேருக்கும் முழங்கை வரை வெள்ளை. ஷெட்டுக்குப் பின்னால் மைதானத்தில் சடுகுடுக்குக் கோடு போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மற்ற ஊரில் சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் மண் தூளுக்கா பஞ்சம்? அவர்கள் நின்ற இடமெல்லாம் வெள்ளைக் காலடி. அந்த ஈரமண் வாசனை மூக்கில் ஏறியதும், ஷிப்டு முடிந்து நீ என் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"அண்ணே, இந்த வருசம் கமிட்டியில நீங்க உக்காரணும். உங்களைவிட ஆட்டம் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல யாரு இருக்குறாங்க?" என்று சொல்லி நாலாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினான் ஒருவன். பதினொரு பேர் அதில் இருந்தார்கள். ஏழு பேரை நான் பொறுக்கித் தர வேண்டுமாம்.

தாளை வாங்கக் கை வரவில்லைடா. நீ போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

ஆட்டம் தெரிந்தவனாம் நான்! ஒரு நாளாவது கோட்டுக்குள் கால் வைத்திருப்பேனா? எனக்கு இருந்ததெல்லாம் வாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து, யாரை எடுக்கலாம், யாரைக் கழிக்கலாம், போன ஆட்டத்தில் எவன் சொதப்பினான் என்று நாலு டீ குடிக்கிற வரைக்கும் பேசுவேன். நீ ஒரு டீயோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். ஆடுகிறவன் நீ, பேசுகிறவன் நான். நம் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் என்று பாய் சொல்வார்.

பத்து வருஷத்துக்கு முன்னால், சுற்றுவட்டாரப் போட்டியை நம் ஊரில் வைப்பது என்று முடிவானதே, அந்த மாதம் பூராவும் பாய் கடையில் சண்டைதான். எங்கே வைப்பது? கோயில் பக்கத்து ஆட்கள் மணிமுத்தாற்று மணலில் என்றார்கள். ஜங்ஷன்காரர்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் என்றார்கள். நான் நம்ம ஷெட்டுப் பின்பக்கம் என்றேன். என்றைக்கும் வாய் திறக்காத நீ அன்றைக்கு வாய் திறந்தாய்.

"ஆத்து மணல்ல வெய்யிங்கடா. வுழுந்தா அடிபடாது. ஜனங்க கரையில உக்காந்து பாக்கட்டும்."

"ஆத்துல ஆடுறதுக்கு நாம என்ன மீனா?" என்றேன் நான். "கட்டாந்தரையில ஆடுனாத்தான்டா ஆட்டம். பெரிய மனுசங்க வந்தா நாற்காலி போட எடம் வேணாமா?"

கடையே சிரித்தது. நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது, உனக்குத் தெரியாததா? அந்தச் சிரிப்பிலேயே இடம் முடிவாகிவிட்டது. நீயும் சிரித்தாய். ஆனால் மணலில் உன்னைப் பிடிக்க இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்பதும், கட்டாந்தரையில் உன் இடத்துக்குப் போட்டியாக இருந்த ஜங்ஷன் பையனின் கால் உன் காலைவிட வேகம் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பேசினேன். பேசுகிற போது உன்னை நினைக்கவே இல்லை.

அந்தப் போட்டிக்கு வெளியூர் மில் ஒன்றிலிருந்து ஒருத்தர் வரப்போகிறார், அவர்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுத்தால் மில்லிலேயே வேலை என்று பேச்சு வந்தது. நீ கல் அரைக்கிற மிஷினில் இருந்தாய். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது உன் புருவம் வரை வெள்ளையாக இருக்கும். நான் அதே ஷெட்டில் ஆபீஸ் குமாஸ்தா, சட்டையில் மசிக் கறை தவிர வேறு கறை கிடையாது. சைக்கிளில் வரும்போது ஒரு நாள் சொன்னாய்: "கேட்டுல வாட்ச்மேன் வேலை குடுத்தாக்கூடப் போதும்டா. நல்ல காத்தாவது கெடைக்கும்." அப்போதே காலையில் உனக்கு இருமல் வர ஆரம்பித்திருந்தது. உன் வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கமிட்டியில் மூன்று பேர். சூளை மேஸ்திரி, டீக்கடை பாய், நான். சுடாத ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்தோம். ஆறு பேர் சட்டென்று முடிவாகிவிட்டது. ஏழாவது இடத்துக்கு நீயா, ஜங்ஷன் பையனா என்று வந்து நின்றது.

"நம்ம ஆளையே போடுங்கப்பா. அந்த மூச்சு எவனுக்கு இருக்குது?" என்றார் பாய்.

"மூச்சு இருக்குது, வயசும் இருக்குதே. முப்பத்தஞ்சு. இந்தத் தரையில உழுந்தான்னா எழுந்திருக்க மாட்டான். பையனைப் போடு" என்றார் மேஸ்திரி. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். "இவன்கிட்ட என்னாத்துக்குக் கேக்குறது? கூட்டாளிக்குத்தான் கை தூக்குவான்."

அது சுருக்கென்று தைத்தது. "ஆட்டத்துல எனக்குக் கூட்டாளியும் கெடையாது, மச்சானும் கெடையாது. ஜங்ஷன் பையனையே எழுதுங்க" என்றேன்.

சொன்னதும் எனக்குப் பெருமையாக இருந்ததுடா. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். இந்த ஊரிலேயே நேர்மையானவன் நான்தான் என்று மார் நிமிர்ந்தது. யார் என்ன சொன்னோம் என்று வெளியே சொல்வதில்லை என்று மூன்று பேரும் பேசிக்கொண்டு எழுந்தோம்.

பட்டியலை ஷெட்டுக் கதவில் ஒட்டினார்கள். உன் பேர் கீழே, உபரி ஆட்களில் இருந்தது. நீ கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னைக் கூட்டிப்போய், "எவன்டா என்னைத் தூக்குனது?" என்று கேட்டாய்.

"நான் சொல்லிப் பாத்தேன். கேக்கலை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நீ என் தோளைத் தட்டி, "வுடு, நீ ஒருத்தன் என்னா பண்ணுவ?" என்றாய்.

ஆட்டத்தில் நம் ஊர் ஜெயித்தது. ஜங்ஷன் பையன் நன்றாகவே ஆடினான், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இப்போது சொல்லப்போவது பாய்க்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது, பெண்டாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை. மில்காரர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிய அஞ்சாறு நிமிஷம் இருக்கும்போது என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "நீளமா மூச்சுப் புடிச்சுப் பாடிக்கிட்டுப் போவாராமே ஒருத்தர், அவரு எங்கங்க? ஜெயிச்சாச்சே, சும்மா ஒரு தடவை எறக்குங்களேன், பாப்போம்."

நீ இருபது அடி தூரத்தில் நின்றிருந்தாய். தோளில் துண்டு. உட்கார்ந்து எழுந்து காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தாய், எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள் என்று.

"அவருக்கு முட்டி சரியில்லைங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பத்து வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ரொம்பச் சின்னது. நீ உள்ளே போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தால், நான் எடுத்த முடிவு தப்பு என்று ஊர் சொல்லும். அதற்குத்தான். என் வாய் ஜெயிக்க வேண்டும் என்று உன் முட்டியை உடைத்தேன். அவர் ஜங்ஷன் பையன் பேரை எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் நீ வந்து கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்ட வேண்டும் என்றாய். நம் பக்கத்து வழக்கம்தானே? ஒருத்தன் அநியாயம் செய்துவிட்டால், போலீசுக்குப் போவதற்கு முன்னால் மணவாளநல்லூர் போய் சாமியிடம் மனு கொடுப்போம். வெள்ளைத் தாளில் குறையை எழுதி, பூஜையில் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவோம். குறை தீர்ந்தால் திரும்பப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குது, நீ எழுது" என்றாய். என்னையே எழுதச் சொன்னாய்!

மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். உன் பேர், உன் தெரு, நடந்தது எல்லாம் நீ சொல்லச் சொல்ல எழுதினேன். 'என்னை ஆட்டத்தில் இருந்து நீக்கிய' என்கிற இடத்துக்கு வந்ததும் நீ நிறுத்தினாய்.

பாய்தான் என்று உனக்கு ஒரு சந்தேகம். உன் வயசை வைத்து எப்போதோ கேலி செய்திருந்தார். அதைத் தெரிந்துகொண்டே நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பாய் பேரைப் போடட்டுமா?" என்று கேட்டேன். உனக்காகக் கை தூக்கிய ஒரே மனுஷன் அவர். எந்த நாக்கால் கேட்டேனோ!

"வேணாம்டா" என்றாய் நீ. "கண்ணால பாக்கலை. எடம் வுட்டு எழுது. சாமிக்குத் தெரியாதா என்னா? அவரே பேரைப் போட்டுக்குவாரு."

இடம் விட்டு எழுதினேன். கையெழுத்து ஆடவேயில்லை.

அன்றிலிருந்து நீ பாய் கடைக்குப் போகவில்லை. டீ குடிக்க ஜங்ஷன் வரைக்கும் சைக்கிள் மிதிப்பாய். நானும் கூடவே வருவேன், விசுவாசி மாதிரி. ஒரு தடவை பாய் என்னைத் தனியாகப் பிடித்தார். "நீயும் சொல்ல மாட்ட, என்னையும் சொல்ல வுட மாட்ட. நடத்து ராஜா, நடத்து" என்றார். பத்து வருஷம் அந்த மனுஷன் உன் கோபத்தை எனக்குப் பதிலாகச் சுமந்தார். உன் சாவுக்கு வந்தவர்களுக்குப் பெரிய கேனில் டீ கொண்டுவந்து ஊற்றியதும் அவர்தான். என்னிடம் டம்ளரை நீட்டும்போது மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ அந்த மிஷினை விட்டு நகரவே இல்லை. இருமல் முதலில் காலையில் வந்தது, பிறகு நாள் முழுக்க வந்தது, அப்புறம் படி ஏறினாலே உட்கார வேண்டியிருந்தது. ஊரே வாய் பிளந்த மூச்சுடா அது. கடைசியில் ஒரு வாக்கியம் முடிக்க உனக்கு மூன்று தரம் மூச்சு வாங்கியது.

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில், போவதற்கு மூன்று நாள் முன்னால், என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "அந்தப் பிராது கட்டுனமே... அது அப்பிடியே கெடக்குது. வாபஸ் வாங்கிடுடா... எவனா இருந்தாலும் அவனுக்கும் புள்ளைகுட்டி இருக்கும்."

நீ கதவைத் திறந்து வைத்தாய். நான் உள்ளே வரவில்லை. "மொதல்ல ஒடம்பு தேறட்டும், ரெண்டு பேருமாப் போவோம்" என்றேன். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் சொன்னாயா? தெரியாது. தெரிந்தே மன்னித்துவிட்டாய் என்கிற நினைப்பில் ஒளிந்துகொள்ளவும் எனக்கு இஷ்டமில்லை.

காலையில் வந்தவர்களிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "நான் உக்காரலை தம்பி. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஆட்டத்தை ஆத்து மணல்ல வெய்யிங்க" என்றேன்.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். "ஆத்துல ஆடுறதுக்கு நாம என்ன மீனாண்ணே?" என்றான் ஒருவன்.

அது என் பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. ஊர்ப் பேச்சாகிவிட்டிருக்கிறது. அவர்கள் போன பிறகு வாசலைக் கழுவக்கூட இல்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு மணவாளநல்லூர் போனேன்.

ராஜினாமா எழுதத்தான் உட்கார்ந்தேன். அதே மரத்தடி. எழுத வரவில்லைடா. நீ வாபஸ் வாங்கச் சொன்னாய், வாஸ்தவம்தான். ஆனால் யாரை விடச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாய். அதை நான் எடுத்துக்கொண்டால் அது இன்னொரு திருட்டு. இத்தனை வருஷம் திருடியது போதும்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் வாங்கினேன். அன்றைக்கு நீ சொன்னதை ஒரு எழுத்து மாறாமல், உன் பேரிலேயே திரும்ப எழுதினேன். எனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே. கீழே உன் பிராதில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: 'முட்டி நன்றாக இருந்தவனை முட்டி சரியில்லை என்று சொன்னான்.' இந்தத் தடவை எழுத்து முத்து முத்தாக இல்லை, கோழி கிறுக்கிய மாதிரி இருந்தது. சாமி படித்துக்கொள்ளட்டும். வீடு திரும்புகிற வழியில் பாய் கடையில் இறங்கி அவரிடமும் சொல்ல வேண்டும். டீ ஊற்றுவாரோ, முகத்தில் ஊற்றுவாரோ, எதுவானாலும் சரி.

முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டேன். உன் பிராது இருக்கட்டும், நான் வாபஸ் வாங்கவில்லை. நான் இருக்கிற வரைக்கும் அது என் மேல் இருக்கட்டும். நீ இடம் விடச் சொன்னாயே, அந்த இடத்தில் என் பேரை எழுதியிருக்கிறேன்.